குளிக்க விட்டாரு

எங்கள் அறையில் அவளுக்குத் தரகர் என்று பெயர். வைத்தவள் நான்தான். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பொருந்தும், எது எதோடு ஒட்டாது என்று நாள் முழுக்கப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பக்கமும் கமிஷன்தான் வர மாட்டேங்குது" என்பாள்.

டயர் கடைக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம். ஜனங்கள் அன்றாடம் பேசுகிற பேச்சைச் சேகரித்து வைப்பது வேலை. சம்மதித்தவர்களின் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தி அனுப்புவார்கள். அவர்கள் சமையலறையிலும் பஸ்ஸிலும் கடையிலும் பேசுவதெல்லாம் பதிவாகி எங்களிடம் வரும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். இருமல், பெருமூச்சு, பாதியில் முழுங்கிய சொல், எதுவும் தப்பக் கூடாது. நான் அடித்துத் தள்ளியதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தரகர் எண்ணுவாள்.

சேர்ந்த புதிதில் அப்படி என்னத்தைத்தான் எண்ணுகிறாய் என்று கேட்டேன்.

"'தொலை'ன்னு ஒரு சொல் இருக்கு. வந்து தொலை, சொல்லித் தொலை, தின்னு தொலை. எரிச்சல்ல சொல்றது. முத்தம் கொடுத்துத் தொலைன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

"எங்க வீட்டுல அதுவும் நடக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டு வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டாள். "சும்மா எண்ணினா போதாது. 'வா' எங்க பார்த்தாலும் வர்ற சொல். அது தொலையோட பத்து தடவை வந்தா பெரிய விஷயமில்ல. அதனால, இந்தச் சொல் இந்தத் 'தொலை' அமைப்புக்குள்ள எத்தனை தடவை, வெளிய எத்தனை தடவை. மத்த சொல்லெல்லாம் உள்ள எத்தனை, வெளிய எத்தனை. நாலு கட்டம். யாரும் யாரையும் இழுக்கலைன்னா தற்செயலா எத்தனை தடவை சேர்ந்திருக்கணும்னு இதுல இருந்து தெரியும். அதைவிட அதிகமா சேர்ந்திருந்தா இழுக்குதுன்னு அர்த்தம். குறைச்சலா இருந்தா ஒண்ணுக்கொண்ணு ஆகலைன்னு அர்த்தம்."

"மாமியார் மருமக மாதிரி."

"அவங்களாவது ஒரே வீட்டுல இருப்பாங்க. இதுங்க ஒரே தெருவுக்கே வராது."

வேலையில் இவ்வளவு தெளிவாக இருப்பவள், மற்ற எல்லாவற்றிலும் பயந்தாங்கொள்ளி. டயர் கடையில் காற்றுக் குழாய் சீறினால் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்புவாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போவாள். அதனால் அவள் பயந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும்தான்.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா ஊரில் மாமா வீட்டோடு இருந்தார். அக்காவும் தங்கையும் இங்கே ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தவர்கள். தங்கை அடிக்கடி எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேசையில் ஏறி உட்கார்ந்து வாயாடுவாள். ஆள் கிடைக்காத நாட்களில் அவளே மைக்கைக் குத்திக்கொண்டு எங்களுக்காகப் பேசிக் கொடுத்திருக்கிறாள். பிறகு கல்யாணமாகி, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போனாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை. குடியிருப்பதும் கடைக்கு மேலேயே. குடி இல்லை, சிகரெட் இல்லை, அதிர்ந்து ஒரு வார்த்தை இல்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தரகருக்கும்தான். கல்யாண அவசரத்தில் நான் மட்டும் போக முடியாமல் போயிற்று. அதனால் மாப்பிள்ளையை எனக்கும், என்னை அவருக்கும் தெரியாது.

அந்த மாதம் தரகர் எடுத்துக்கொண்டிருந்தது 'விடு'. பேச விடு, தூங்க விடு, போக விடு என்று அனுமதி கொடுக்கிற 'விடு'. அதோடு ஒட்டுகிற வினைகள் ஒரு கையில் அடங்கும் என்று என்னிடம் காட்டினாள். தூங்க விடலை, பேச விட மாட்டேங்குறான், வேலை பார்க்க விடு. பெரும்பாலும் இல்லை என்று முடிகிற வாக்கியங்கள். விடாமல் படுத்துவது யார் என்று பார்த்தால் கைக்குழந்தை, கொசு, பக்கத்து வீட்டு மிக்ஸி. "ஜனங்களுக்கு யாராவது தடுத்தாத்தான் இந்தச் சொல்லே ஞாபகம் வருது. நல்லபடியா விட்டுட்டா யாரும் சொல்றதில்ல" என்றாள்.

அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கையின் போன் வந்தது. கையெல்லாம் சோறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, ஆளையே காணோம்?"

"நல்லா இருக்கேன்க்கா. இன்னைக்குக் குளிக்க விட்டாரு. தலைக்கே ஊத்திக்கிட்டேன்."

"அங்க தண்ணிக் கஷ்டமா?"

"இல்லையே. தண்ணி நிறைய வருது." குரலில் ஒரு குறையும் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். "நேத்து ஜன்னலைக்கூடக் கொஞ்ச நேரம் திறக்க விட்டாரு. எதிர்ல பள்ளிக்கூடம் முடியுற நேரம். பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பின்னால் ஓர் ஆண் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"சரிக்கா, வைக்கிறேன். இவ்வளவு நேரம் பேச விட்டதே பெருசு." சிரித்தாள். போன் நின்றது.

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. தரகரைப் பார்த்தேன். பிசைந்த சோறு விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கைகூடக் கழுவாமல், இடது கையாலேயே கணினியில் தேடினாள். எங்களிடம் இருந்த அத்தனை ஆயிரம் மணி நேரப் பேச்சிலும் 'குளிக்க' என்பது 'விடு'வோடு சேர்ந்தது ஒரே ஓர் இடத்தில். ஒரு தகப்பன் தன் பையனை ஆற்றில் குளிக்க விட்டதைச் சொல்கிறான். வளர்ந்த ஒருத்தி தன்னைப் பற்றி அப்படிச் சொன்னது எங்குமே இல்லை.

"ஏதோ பேச்சுவாக்குல வந்திருக்கும்" என்றேன்.

"ஒரு தடவைன்னா பேச்சுவாக்கு. குளிக்க, திறக்க, பேச. ஒரே மூச்சுல மூணு." அவள் உதடு வெளுத்திருந்தது. "தற்செயலா இது நடக்கவே நடக்காது."

எங்கள் அலுவலகத்தை நடத்துபவரை மேடம் என்போம். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எனக்கும் திக்குனுதான் இருக்கு. ஆனா ஒருத்தர் பேச்சை வச்சு எதுவும் சொல்லக் கூடாது. அந்த ஊர்ல எல்லாருமே அப்படிச் சொல்வாங்களோ என்னவோ. புருஷன் மேல மரியாதைக்குச் சொல்றதா இருந்தா? மொதல்ல அதைப் பாருங்க."

அது நியாயமான கேள்வி. அந்த ஊரிலிருந்து வந்த பதிவுகள் எங்களிடம் ஒரு கட்டு இருந்தன. காய்கறி விற்பவர், பல் மருத்துவர், மூன்று பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஒரு அம்மா. எல்லாவற்றையும் நானே மறுபடி உட்கார்ந்து கேட்டேன். அந்த அம்மா தன் கணவரைப் பற்றி ஓயாமல் பேசினார். அரிசி வாங்க மறந்தார், துண்டைக் கட்டிலில் போட்டார், சொன்னால் கேட்பதில்லை. ஒரு இடத்தில்கூட அவர் விட்டார், விடவில்லை என்று வரவில்லை.

அதற்குள் தரகர், தங்கை கல்யாணத்துக்கு முன் பேசிக் கொடுத்த பழைய பதிவுகளை எடுத்திருந்தாள். நான் போறேன், நான் வாங்கிட்டேன், நான் சொல்லிட்டேன் அவன்கிட்ட, நான் வர மாட்டேன் போ. வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்'.

"சமீபத்துல அவ பேசினதை எல்லாம் யோசிச்சுப் பாரு" என்றாள். "நான் போனேன்னு ஒரு தடவை வந்திருக்கா? கூட்டிட்டுப் போனாரு. நான் வாங்கினேன்னு வந்திருக்கா? வாங்கிக் கொடுத்தாரு. எவ்வளவு பேசியிருக்கோம். எத்தனையோ தடவை வந்திருக்கணும். ஒண்ணுகூட வரலை."

இத்தனை நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. வந்த சொற்களைத்தான் கேட்டேனே தவிர, வராததைக் கேட்கவில்லை.

எதையும் நேராகக் கேட்க முடியாது. அந்தப் பக்கம் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருந்தது. அவருடைய செருமல் எப்போதும் கேட்டது. தரகர் சாதாரணமாகப் பேசுவது போலப் பேசினாள். "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்டி."

"கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

உடனே அவர் குரல் வந்தது. பாலில் தோய்த்து எடுத்த மாதிரி அவ்வளவு இதமான குரல். "அவளுக்குப் பயணம் பிடிக்காதுக்கா. தலை சுத்தும்."

அதன் பிறகு தங்கை போனை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார். தூங்குகிறாள் என்றார். குளிக்கிறாள் என்றார். பிறகு அவரும் எடுக்கவில்லை. தரகர் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதாள். "அடிச்சாராமா?" என்று கேட்டார் அம்மா. தெரியலை. "குடிச்சாராமா?" இல்லை. "பின்ன என்னத்துக்குடி ஒப்பாரி வைக்கிற? உனக்குச் சின்ன வயசுல இருந்தே பல்லியைக் கண்டாலும் பயம். மாப்பிள்ளை போன வாரம்கூட எனக்கு ஒரு கண்ணாடி அனுப்பினாரு."

மறுநாள் தரகர் லீவு கேட்டாள். தனியாகப் போகப் போவதாகச் சொன்னாள். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் நானும் வருகிறேன் என்றேன். விடிந்ததும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"நான் நினைக்கிறது தப்பா இருந்தா?" என்று கேட்டாள்.

"தங்கச்சியைப் பார்க்க வந்தோம்னு சொல்லி சிரிச்சுட்டு வந்துடலாம்."

"சரியா இருந்தா?"

என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பல நாளாகவே கீறல் விழுந்து கிடந்த கண்ணாடி. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. என்னை அவருக்குத் தெரியாது. கண்ணாடி மாற்ற வந்தவளாக நான் உள்ளே போவது. அவர் என் கண்ணைப் பரிசோதிக்கிற நேரத்தில் தரகர் மாடிக்கு ஏறிப் பார்ப்பது. அதற்கு மேல் எங்களுக்குத் திட்டம் ஒன்றும் இல்லை.

கடை ஒரு சந்தடியான தெருவில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டி, பின்னால் விளக்குப் போட்டிருந்தார்கள். நுழைந்ததும் நூறு முகமில்லாத கண்கள் பார்ப்பது போல இருந்தது. இடது ஓரம் ஒரு மேசையில் நரைத்த மனிதர் ஒருவர் குனிந்து, இயந்திரத்தில் கண்ணாடி வில்லையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு. மாடிக்குப் போக வேறு வழியே இல்லை. மேலே இருப்பவர் தெருவுக்கு வர வேண்டுமென்றால் கடைக்குள் இறங்கி, கல்லாவைத் தாண்டித்தான் வர வேண்டும். கல்லாவுக்கு மேலே ஒரு சின்ன கேமராத் திரை. அதில் மூடிய கதவு ஒன்று தெரிந்தது. கடைக் கதவு அல்ல.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் கல்லாவில் இருந்த மாப்பிள்ளை. மெலிந்த, சுத்தமான மனிதர். என் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குழந்தைக்கு அடிபட்டது போல உச்சுக்கொட்டினார். "இதைப் போட்டுக்கிட்டா இத்தனை நாள் இருந்தீங்க?"

பரிசோதனை அறை பின்பக்கம் இருந்தது. ஒரு நாற்காலியும் எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையும்தான். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். கனமான ஒரு சட்டத்தை என் மூக்கில் ஏற்றி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். அவர் விரல்கள் என் காதோரம் உரசும்போதெல்லாம் உடம்பு கூசியது.

"இது தெளிவா, அது தெளிவா?"

"இது."

"வெளியூரா?"

"சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தேன்." என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே கேட்டேன். "வீடு மேலேயேவா? வசதிதான். வீட்டுல அவங்களும் கடைக்கு ஒத்தாசையா இருப்பாங்க."

"அவளுக்குக் கடைக்கு வரப் பிடிக்காதும்மா." வில்லையை மாற்றினார். "ஜனங்களைக் கண்டா பிடிக்காது. வெளிய போகப் பிடிக்காது. போன் பேசப் பிடிக்காது. சில பேர் அப்படி." இன்னொரு வில்லை. "இப்ப?"

எழுத்துகள் கரைந்து ஓடின. அவள் வாயில் 'விட்டாரு' என்று வந்ததெல்லாம் அவர் வாயில் 'பிடிக்காது' என்று வருவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே தேய்க்கும் இயந்திரம் பெரிதாக இரைய ஆரம்பித்தது. இரும்புப் படியில் யார் ஏறினாலும் கேட்காத அளவுக்கு இரைச்சல்.

"என்ன இவரு, இன்னைக்கு இப்படிச் சத்தம் போடுறாரு" என்று முகம் சுளித்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

மாடியில் நடந்ததைத் தரகர் பிறகுதான் எனக்குச் சொன்னாள். மேலே ஒரே கதவு. அதில் பூட்டு இல்லை. வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். புதுசு. அதை இழுத்துத் திறந்தபோது, தங்கை கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி. அடி இல்லை, காயம் இல்லை. பாதி ஆளாக இளைத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. தரகரின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உன்னை மேல வர விட்டாரா?"

இத்தனை நாள் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை, அந்த ஒரு கேள்விக்குத்தான் தன் ரத்தம் உறைந்தது என்றாள் தரகர்.

"கிளம்பு."

"கேட்டுட்டு வரேன்க்கா."

"செருப்பு எங்க?"

"கீழ, அவர்கிட்ட இருக்கு."

வாதாடிப் பிரயோஜனமில்லை என்று தரகருக்குப் புரிந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். வா என்றும் சொல்லவில்லை. படியில் இறங்கினாள், பிடித்த கையோடு அவளும் இறங்கினாள்.

கீழே இயந்திரம் நின்றது. பரிசோதனை அறையில் அவர் அந்த நிசப்தத்தில் தலையைத் தூக்கினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே தட்டுத்தடுமாறிப் போனேன். மூக்கில் இன்னும் அந்தச் சட்டம். அதில் எனக்கு ஒவ்வாத வில்லைகள். கடையே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தெரிந்தது. படிக்கட்டின் அடியில் இரண்டு உருவங்கள். எதிரே ஒரு உருவம். அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"வாங்கக்கா. எப்ப வந்தீங்க? சொல்லவே இல்லையே." அதே இதமான குரல்.

"இவளை ரெண்டு நாள் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ளை."

"அவளுக்கு வெளிய வரப் பிடிக்காதேக்கா." அந்த உருவம் ஒரு அடி நகர்ந்து வழியை அடைத்து நின்றது. "உனக்குப் பிடிக்காதுல்ல?"

தங்கையின் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. ஹெட்போனில் கேட்பது போலத் துல்லியமாக, மேலே ஏறி ஏறி, வெளியே வர வழியில்லாத மூச்சு. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தேய்க்கிற பெரியவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போது கடைக் கதவு திறந்தது. யாரோ ஒரு தடித்த மனிதர் பேரிரைச்சலாக உள்ளே வந்தார். "தம்பி, இந்தத் திருகாணி மறுபடி கழண்டுடுச்சு. பாருங்க, ஒரு காதுல தொங்குது." அவர் பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒரு பெண்.

கடைக்காரர் திரும்பினார். வாடிக்கையாளரைக் கண்டதும் அவர் முகத்தில் சிரிப்பு எப்படித் தானாக வந்து உட்கார்ந்தது என்பது அந்த மங்கலிலும் எனக்குத் தெரிந்தது. "வாங்க சார், வாங்க வாங்க." நாலு பேர் பார்க்க அவரால் குரலை உயர்த்த முடியாது. கையை நீட்ட முடியாது. தரகர் அதைக் கண்டுகொண்டாள். தங்கையை இழுத்துக்கொண்டு அந்தத் தடித்த மனிதரை உரசியபடி வெளியே போனாள். நான் சட்டத்தைப் பிடுங்கிக் கல்லாவில் வைத்துவிட்டு, அங்கே கிடந்த என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெருவில் வெயில் கொளுத்தியது. தங்கை வெறுங்காலோடு நடந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஆளையும் பார்த்தோம். வழியில் பின்னால் ஹாரன் அடித்த ஒவ்வொரு காரும் அவருடையது என்று நினைத்தோம். தங்கை ஒரு முறைதான் பேசினாள். "அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கலை" என்றாள்.

அந்த வாரமே அவர் வந்தார். அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தரகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன குற்றம் சாட்டுவது? மாமா தரகரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நான் அங்கேதான் இருந்தேன். மறுபடி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தங்கை வெளியே வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள். "அம்மா, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்துச்சும்மா."

அம்மாவுக்கு அது உடனே புரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். "எந்தக் கதவுக்கு?" என்று கேட்டார். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் மகள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

விவாகரத்து வழக்கு நீண்டது. விட்டாரு என்று சொன்னது சாட்சியாகாது என்றார் வக்கீல். மேடமும் அதையேதான் சொன்னார். "நம்ம கணக்கு எங்க போய்ப் பார்க்கணும்னு சொல்லும். போய்ப் பார்க்கிறது நாமதான்." சாட்சி சொல்ல வந்தவர் நாங்கள் எதிர்பாராத ஆள். கண்ணாடி தேய்க்கும் பெரியவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். "அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவன் நான்தான்மா. பூனை வருது, உள்பக்கம் போட்டா நிக்கலைன்னாரு. போட்டுட்டேன். அப்புறம்தான் பூனையே அங்க இல்லைன்னு தெரிஞ்சுது." அன்று இயந்திரத்தை வேண்டுமென்றே இரைய விட்டாரா என்று நான் கேட்டேன். தலையாட்டினார். "எனக்கு அவ்வளவுதான் தைரியம் வந்துச்சு" என்றார். விவாகரத்து கிடைத்தது. மாப்பிள்ளையின் கடை இன்னும் நடக்கிறது. வாடிக்கையாளர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்றுதான் சொல்கிறார்களாம்.

வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். அக்கா வீட்டில் தங்கை நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிக்கலாமா? விளக்குப் போடலாமா? இன்னொரு தோசை எடுத்துக்கலாமா? முதலில் தரகர் எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னாள். பிறகு ஒரு நாள் வேலைக்கு வந்ததும் என்னிடம், "நான் சரின்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நானும் அவளை விடுறவளா ஆயிடுறேன்" என்றாள். அதன் பிறகு பதில் சொல்வதை நிறுத்தினாள். தங்கை கேட்டுவிட்டு நிற்பாள். இவள் புடவை மடிப்பாள், ஜன்னல் துடைப்பாள். அந்த மௌனத்தைத் தாங்குவது இரண்டு பேருக்கும் பெரும்பாடாக இருந்தது. தங்கை சில நாள் அழுதுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சில நாள் குளித்துவிட்டு வந்தாள்.

ஒரு வழியாக அவளுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை கிடைத்தது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததும் பழைய வாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வேலைக்குப் பக்கத்திலேயே தனியாக அறை எடுத்துக்கொள்ளப் போவதாக அவள் சொன்னபோது, தரகர் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள். "தனியா இருக்கப் போறாளாம். எப்படி நான் அவளைப் போக விட..." வாக்கியம் அங்கேயே நின்றது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பாவமாக இருந்தது. இந்தப் பயமெல்லாம் அக்கறைதான், அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனால் தங்கையிடம் ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. மெத்தையை ஆட்டோவில் ஏற்ற நாங்கள் மூவருமாகத்தான் தூக்கினோம்.

அந்த முதல் வாரம் தரகர் தூங்கினாளா என்பது சந்தேகம். கண் சிவந்து வருவாள். போனை மேசையில் திரை தெரிய வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் வேலை பார்ப்பாள். தானாகக் கூப்பிடுவதில்லை என்று வைராக்கியம். யாராவது சத்தமாகக் கதவைச் சாத்தினால் முதலில் போனைத்தான் பார்ப்பாள்.

வாரக் கடைசியில் அது அடித்தது. எடுத்தவள் இரண்டு மூன்று முறை "ம்" கொட்டினாள். "சிலிண்டர் மாத்தத் தெரியலையாம். வரச் சொல்றா" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மதியத்துக்குள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "வீட்டைக் குப்பையா வச்சிருக்கா" என்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.